வெள்ளைப் பாவாடையும் விராலிமலைச் சேலையும்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "டேய், நீ ஏதாவது எழுதிக் கொடுடா, எல்லாரும் கல்லூரி நினைவுகளே எழுதுறாங்க, கேன்டீன் வடையப் பத்தி மட்டும் ஏழு கட்டுரை வந்திருக்கு" என்றார். சரி, வடையை விட்டுவிட்டு வேறு எதையாவது எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். நான் எழுதப்போவது பாலே நடனத்தில் பெண்கள் போடும் வெள்ளைக் குட்டைப் பாவாடையின் சரித்திரம் என்று தெரிந்தால், எங்கள் இயற்பியல் வகுப்பின் கடைசி பெஞ்ச் சிரித்தே செத்துவிடும். சிரித்துக் கொள்ளுங்கள். ஆனால் முடிவு வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. 2009-ல் நம் மன்னர் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவன். ஊர் விராலிமலை. காலையில் பஸ் பிடித்து, மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்க முதல் மணிக்கு வந்து சேருபவர்களில் ஒருவன். பிறகு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து ஜவுளிப் பொறியியல் படித்தேன். இப்போது திருப்பூரில் ஏற்றுமதித் துணிகளைச் சோதனை செய்யும் வேலை. சாயம் போகிறதா, சுருங்குகிறதா, நெருப்புப் பட்டால் எத்தனை விநாடியில் எரிகிறது என்று பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் பிழைப்பு. குழந்தைகள் இரவில் போடும் உடுப்பு என்றால் சில நாடுகளில் நெருப்புச் சோதனை இல்லாமல் கப்பலில் ஏற்றவே முடியாது.

விஷயம் ஆரம்பித்தது என் மகளின் ஐந்தாவது பிறந்தநாளில். பட்டுப்பாவாடை எடுப்போம் என்றேன். மகள் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது கடை வாசலில் பொம்மைக்குப் போட்டிருந்த நெட் ஃபிராக். இடுப்புக்குக் கீழே ஏழெட்டு அடுக்கு வலைத்துணி, குடை விரித்த மாதிரி நிற்கும். நம் ஊர் பிறந்தநாள் போட்டோக்களில் பத்துக்கு ஐந்து குழந்தைகள் இதைத்தான் போட்டிருக்கும். கேக், மெழுகுவர்த்தி, அதன்மேல் குனிந்து ஊதும் பிள்ளை, மேஜை விளிம்பில் மடிந்து கிடக்கும் வலைத்துணி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. உள்மடிப்பில் ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போய் லேபில் கொளுத்திப் பார்த்தேன். நைலான் உருகிச் சொட்டியது. சொட்டிய துளி கீழே இருந்த பஞ்சைப் பற்ற வைத்தது.

"பிள்ளை பிறந்தநாளுக்கு எடுத்த துணியக் கொளுத்திப் பார்க்கிற அப்பன் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள் மனைவி.

அவளுக்குத் தெரியும், ஆனாலும் சொன்னாள். எனக்கு ஆறு வயதில் என் அத்தை பம்ப் ஸ்டவ் பக்கத்தில் நின்றபோது நைலக்ஸ் சேலை பற்றி எரிந்து, திருச்சிக்குக் கொண்டுபோய், பதினோராம் நாள் இறந்து போனார். சேலை உருகி உடம்போடு ஒட்டிவிட்டது என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நான் ஜவுளி படிக்கப் போனதற்கு அதுதான் காரணமா என்று கேட்டால், கவுன்சிலிங்கில் கிடைத்த இடம் அதுதான் என்பதே உண்மை. ஆனால் நெருப்புச் சோதனைப் பிரிவை நானாகக் கேட்டு வாங்கினேன்.

அந்த நெட் ஃபிராக் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது.

1832-ஆம் வருஷம் மார்ச் 7-ஆம் தேதி தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலமானார். அவர் அவையில் இருந்த பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள்தாம் அலாரிப்பு முதல் தில்லானா வரை சதிர்க் கச்சேரிக்கு இன்றைக்கும் இருக்கும் ஒழுங்கை அமைத்தவர்கள். சரியாக ஐந்தே நாள் கழித்து, மார்ச் 12-ஆம் தேதி, பாரிஸ் ஆப்பெரா அரங்கில் 'லா சில்ஃபீத்' என்ற பாலே அரங்கேறியது. நடன அமைப்பு பிலிப்போ தாலியோனி. ஆடியவர் அவருடைய மகள் மரீ தாலியோனி. இங்கே ஒரு ஆட்டம் ஒழுங்குக்கு வந்த அதே காலத்தில் அங்கே ஓர் ஆட்டம் தன் உடுப்பைக் கண்டுபிடித்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

சில்ஃபீத் என்பது காற்றில் வாழும் ஒரு தேவதை. நம் மோகினி மாதிரி, ஆனால் பயமுறுத்தாது. கல்யாணம் நிச்சயமான ஸ்காட்லாந்து இளைஞன் ஒருவன் அவள் பின்னால் போய் எல்லாவற்றையும் இழக்கிறான். கதை அவ்வளவுதான். காற்றில் வாழ்பவளுக்கு உடம்பில் கனம் இருக்கலாமா? கூடாது. அதற்காக தாலியோனி கால் விரல் நுனியில் நின்றார். அந்தப் பாதம் சபைக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகப் பாவாடை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே நின்றது. மேலே இறுக்கமான, தோள் தெரியும் ரவிக்கை. கீழே மெல்லிய வெள்ளைத் துணி அடுக்கடுக்காக, மணியைக் கவிழ்த்த வடிவத்தில். வடிவமைத்தவர் எஜேன் லாமி என்ற ஓவியர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதன்பின் இருபது முப்பது வருஷத்துக்குப் பாலேயில் பேய், தேவதை, ஆவி எது வந்தாலும் இதே வெள்ளைப் பாவாடைதான். 1841-ல் வந்த 'ஜிசெல்' நாடகத்தில், கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போன பெண்களின் ஆவிகள் வரிசையாக இதே உடையில் நின்றன.

ஒரு பொறியாளன் கண்ணோடு பார்த்தால் இது சாதாரண விஷயம் இல்லை. துணி விரைப்பாக நிற்க வேண்டும், ஆனால் கனம் கூடாது. சுழலும்போது விரிய வேண்டும், நின்றதும் அடங்க வேண்டும். ஒளி ஊடுருவ வேண்டும், கால் முழுக்கத் தெரியவும் கூடாது. விடை என்ன? நெருக்கமில்லாத நெசவில் மெல்லிய பருத்தித் துணி, அதற்குக் கஞ்சி, அதைப் பல அடுக்காகக் கொசுவம் வைத்துத் தைத்தல். அடுக்குகளுக்கு நடுவில் சிக்கிக் கிடக்கும் காற்றுதான் அந்தப் பாவாடையின் பாதி உருவம். துணி காசு, காற்று இலவசம். கஞ்சி போட்ட வேட்டியை உதறிக் கட்டும் நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அந்தத் துணி மஸ்லின். ஐரோப்பாவுக்கு அந்தத் துணியின் ருசியைக் காட்டியது நம் தேசம், முக்கியமாக டாக்கா நெசவாளர்கள். 1734-லேயே மரீ சாலே என்ற பிரெஞ்சு நடனக்காரி லண்டன் மேடையில், அந்தக் காலத்துக் கூண்டு வைத்த கனமான பாவாடையைத் தூக்கி எறிந்துவிட்டு, வெறும் மஸ்லின் உடையில் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆடி ஊரையே பேச வைத்தார். பிறகு 1779-ல் கிராம்ப்டனின் நூற்பு எந்திரம் வந்தது, மெல்லிய நூலை மில்லிலேயே நூற்க முடிந்தது, மஸ்லின் மலிந்தது. டாக்கா நெசவாளர் வயிற்றில் அடி விழுந்தது. 1809-ல் ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர், கையால் பின்னும் வலையை எந்திரத்தால் பின்னும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1816-ல் கோபமடைந்த தொழிலாளர்கள் அவருடைய லஃப்பரோ ஆலைக்குள் புகுந்து எந்திரங்களை அடித்து நொறுக்க, மனுஷர் ஊரை விட்டே போய் டிவர்ட்டனில் புதுசாக ஆலை வைத்தார். அந்த எந்திர வலைதான் என் மகள் ஃபிராக்கின் பாட்டன் முப்பாட்டன்.

இன்னொரு கூட்டாளி, வெளிச்சம். 1822-ல் பாரிஸ் ஆப்பெராவில் கேஸ் விளக்கு வந்தது. 1831 நவம்பரில் அங்கே நடந்த 'ராபர்ட் லெ தியாபில்' என்ற இசை நாடகத்தில், கல்லறையிலிருந்து எழுந்துவரும் கன்னியாஸ்திரீ ஆவிகள் வெள்ளை உடுப்பில் கேஸ் வெளிச்சத்தில் நடமாடியதைப் பார்த்து ஜனங்கள் மெய்மறந்தார்கள். வெள்ளைத் துணி, மங்கலான கேஸ் சுடர். நாலு மாதத்தில் சில்ஃபீத். அந்தச் சுடருக்குக் கண்ணாடியோ வலையோ போட்டு மூடும் வழக்கம் எல்லா இடத்திலும் இல்லை என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

சில்ஃபீத்துக்கு முன்பே, 1830-ல், தாலியோனி ஒரு நாடகத்தில் இந்தியத் தேவதாசியாக ஆடினார். பெயர் 'தேவனும் பயதேரும்'. பயதேர் என்பது போர்த்துகீசியர் நம் நாட்டு ஆட்டக்காரிகளுக்கு வைத்த பெயரின் பிரெஞ்சு உருவம். பாரிஸ்காரர்கள் மனதில் பயதேர் என்றால் மெல்லிய வெள்ளைத் துணியில் மிதந்து வரும் சோகமான வெள்ளைக்காரப் பெண். அசலைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

1838-ல் அசல் வந்து இறங்கியது. தார்திவெல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரி பக்கம் ஒப்பந்தம் போட்டு ஒரு குழுவை அழைத்துப் போனார். கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரம், தேவநாதப் பெருமாள் கோயில் ஊர். அங்கே இருந்து ஐந்து பெண்கள், மூன்று வாத்தியக்காரர்கள். மூத்தவர் தில்லம்மாள், முப்பது வயது. கடைக்குட்டிக்கு ஆறு வயது. நடுவில் பதினெட்டு வயது அம்மணி. நம் புதுக்கோட்டையில் அப்போது ரகுநாதத் தொண்டைமான் ஆட்சி. ரயில் கிடையாது, சூயஸ் கால்வாய் கிடையாது. கப்பலில் மாதக்கணக்கில் போயிருக்கிறார்கள். துணி மடிப்புக் கலையாமல் எப்படி வைத்திருந்தார்கள் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. தொழில் புத்தி!

ஆகஸ்ட் மாதம் பாரிஸ் வாரியெத்தே அரங்கில் ஆடினார்கள். அக்டோபரில் லண்டன் அடெல்ஃபி. தெயோபில் கோத்தியே என்ற கவிஞர், அந்நாள் பத்திரிகைகளில் நடன விமர்சனத்தில் பெரிய பெயர், அம்மணியைப் பார்த்துச் சொக்கிப்போய்ப் பத்தி பத்தியாக எழுதினார். மூன்று வருஷம் கழித்து ஜிசெல் கதையை எழுதியவர்களில் ஒருவரும் இதே கோத்தியேதான். இருபது வருஷம் கழித்து 1858-ல் சகுந்தலையையும் பாலேயாக்கினார். அம்மணி அவர் மனதை விட்டுப் போகவே இல்லை என்று நான் நினைத்துக்கொள்கிறேன். பார் என்ற சிற்பி, சில்ஃபீத் உடையில் தாலியோனியை 1837-ல் சிறிய வெண்கலச் சிலையாக வடித்தவர், மறு வருஷமே அம்மணிக்கும் ஒரு சிலை வடித்தார். ஒரே கை, ஒரே உலோகம். ஒருத்தி வெள்ளைப் பாவாடையில், ஒருத்தி நம் ஊர் உடுப்பில்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மிதக்கும் மஸ்லினை எதிர்பார்த்து வந்த சபைக்கு முன்னால் வந்து நின்றவர்கள், உள்ளே கால்சராய், மேலே முறுக்கிச் சுற்றிய சேலை, முன்னால் கொசுவ விசிறி, நகை, சலங்கை என்று பூமியில் காலை அழுத்தித் தட்டி ஆடும் பெண்கள். தாலியோனி தரையை விட்டு எழும்பப் பார்த்தார். இவர்கள் அரைமண்டியில் தரையை அதிர வைத்தார்கள். கோத்தியே போன்ற சிலர் பிரமித்தார்கள். வேறு சிலருக்கு, தாங்கள் ஆப்பெராவில் பார்த்த பயதேரே இதைவிட நிஜமாகத் தெரிந்தாள். பாலே பயதேர் அதோடு ஒழிந்தும் போகவில்லை. 1877-ல் ரஷ்யாவில் பெத்திப்பா அமைத்த 'லா பயதேர்' இன்றைக்கும் உலக மேடைகளில் ஆடப்படுகிறது. அதன் உச்சக் காட்சியில் செத்துப்போன தேவதாசிகளின் ஆவிகள் வரிசையாக இறங்கி வரும், எல்லோரும் வெள்ளைப் பாவாடையில். திருவந்திபுரத்துப் பெண்ணுக்குச் சேலையைக் கழற்றி டூட்டூ மாட்டிவிட்டார்கள் பாருங்கள்!

டூட்டூ என்கிற பெயரே அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் புழக்கத்துக்கு வந்தது. பின்புறத்தைக் குறிக்கும் பிரெஞ்சுக் குழந்தைப் பேச்சிலிருந்து வந்ததாம். தாலியோனி அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார்.

இப்போது நெருப்பு.

பருத்தி நூல் அப்படியொன்றும் அபாயமான பொருள் இல்லை. கெட்டி ஜமக்காளத்தில் தீக்குச்சி வைத்தால் கருகி யோசித்து யோசித்துத்தான் எரியும். அதே பருத்தியை மெல்லிய நூலாக்கி, இடைவெளி விட்டு நெய்து, கஞ்சி போட்டு விரைப்பாக்கி, அடுக்குகளுக்கு நடுவே காற்றை அடைத்து, மணி வடிவத்தில் தொங்க விட்டால்? ஒவ்வொரு இழையைச் சுற்றிலும் ஆக்சிஜன். கஞ்சியும் எரிபொருள்தான். கீழே பற்றினால் உள்ளிருக்கும் சூடான காற்று புகைபோக்கி மாதிரி மேலே இழுக்கும். பாவாடையை அழகாக்கிய அத்தனை காரணமும் அதை எரிய வைக்கும் காரணமே. ஒன்றை மாற்றாமல் மற்றதை மாற்ற முடியாது.

1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்ற இளம் நடனக்காரியின் உடை மேடை விளக்கில் பற்றியது. சபை பார்த்துக் கொண்டிருக்கும்போதே. மூன்றாம் நாள் இறந்தார். 1861-ல் அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவில் உடை மாற்றும் அறையில் ஒருத்திக்குப் பிடித்த தீ உதவிக்கு ஓடிவந்தவர்களுக்கும் பரவி, கேல் சகோதரிகள் உட்படப் பல பெண்கள் மாண்டார்கள். மாற்று வழி தெரியாத காலமா என்றால், அதுதான் இல்லை. படிகாரமும் வெண்காரமும் துணியைத் தீயிலிருந்து காக்கும் என்று 1735-லேயே இங்கிலாந்தில் ஒருவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார். நாம் பிளஸ் ஒன் வேதியியலில் படித்த வாயுக்களின் விதிக்குச் சொந்தக்காரர் கே-லுசாக், அரசாங்கம் கேட்டுக்கொண்டு, தியேட்டர் துணிகளுக்கு அம்மோனியம் பாஸ்பேட், வெண்காரம் முதலிய உப்புகள் நல்ல காவல் என்று 1821-ல் எழுதி வைத்துவிட்டார். சூடு பட்டதும் அந்த உப்பு பருத்தியை எரியும் வாயுவாக விடாமல் கரியாக்கிவிடும். இன்றைக்கும் பருத்திக்கு நாங்கள் லேபில் பயன்படுத்தும் பாஸ்பரஸ் முறைகளின் தத்துவம் அதுவே. பாரிஸில் கார்த்தெரோன் என்பவர் இப்படி உப்புக் கரைசலில் துணியைத் தோய்க்கும் முறையைக் கொண்டுவந்தார். 1859 நவம்பரில் அரசாணையே வந்தது: மேடைத் துணிகளைத் தோய்த்தே ஆக வேண்டும்.

தோய்த்தால் என்ன ஆகும்? துணி விரைத்து மொடமொடவென்று நிற்கும். வெள்ளை மங்கிப் பழுப்பேறும். தாலியோனியின் மேகம் அழுக்கு வேட்டியாகிவிடும்.

எம்மா லிவ்ரி 1858-ல் பதினாறு வயதில் சில்ஃபீத் வேஷத்தில் அரங்கேறியவர். கிழவியாகிவிட்ட தாலியோனியே பார்த்து மகிழ்ந்து, பாரிஸுக்குத் திரும்பி வந்து சொல்லிக் கொடுத்து, 1860-ல் இவருக்காகவே ஒரு பாலே அமைத்தார். பெயர் 'பட்டாம்பூச்சி'. அதில் பட்டாம்பூச்சியான பெண் தீவட்டியை நோக்கிப் பறந்து சிறகு பொசுக்கிக்கொள்ளும் காட்சி உண்டு! கதாசிரியன் எழுதினால் செயற்கை என்போம். லிவ்ரி தோய்த்த பாவாடையைப் போட மறுத்தார். வரும் பொறுப்பு முழுக்க என்னுடையது, சாதாரணப் பாவாடைதான் போடுவேன் என்று நிர்வாகத்துக்கு எழுத்துமூலம் கொடுத்தார். நிர்வாகமும் வாங்கி வைத்துக்கொண்டது.

1862 நவம்பர் 15, ஒத்திகை. பாவாடை கசங்காமல் இருக்க உதறிவிட்டார். அந்தக் காற்றில் கேஸ் சுடர் தாவியது. எரிந்துகொண்டே மேடையில் குறுக்கும் நெடுக்கும் ஓடினார். தீயணைப்பு ஆள் கம்பளத்தோடு வந்து பிடிப்பதற்குள் உடை முழுதும் போய்விட்டது. அதன்பின் எட்டு மாதம் படுக்கை. 1863 ஜூலை 26-ல் போய்ச் சேர்ந்தார். இருபது வயது. தோய்த்த துணியே தேவலை என்று இப்போது தோன்றுகிறதா என்று படுக்கையில் கேட்டபோது, "ஆமாம், ஆனால் திரும்ப மேடை ஏறினால் அப்போதும் அதைப் போட மாட்டேன், அவ்வளவு அசிங்கம்" என்கிற பொருளில் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

இதைப் படித்த அன்று இரவு எனக்குக் கோபம்தான் வந்தது. பைத்தியக்காரப் பெண்ணே என்று. பிறகு அத்தை ஞாபகம் வந்தது. நைலக்ஸ் சேலை அன்றைக்கு வெயிலில் அரைமணியில் காயும், இஸ்திரி வேண்டாம், பூப்போட்டது, கூட்டுக் குடும்பத்தில் நாலு மருமகள்களுக்கு நடுவில் அவரிடம் இருந்த ஒரே பகட்டு. அதைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போகாதே என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா? லிவ்ரிக்குப் பாவாடைதான் சோறு. வெள்ளை மங்கினால் அடுத்த சீசனில் வேறொருத்தி வந்துவிடுவாள். கையெழுத்துப் போட்டது அவர் கை என்றாலும், அந்தக் காகிதத்தை நீட்ட வைத்தது யார் என்று கேட்க வேண்டாமா? எங்கள் தொழிலிலும் இது நடக்கிறது. தீத்தடுப்புப் பூச்சு போட்ட துணி கொஞ்சம் முரடாக இருக்கிறது என்றால் சாம்பிள் திரும்பி வந்துவிடும்.

லிவ்ரியின் தாயும் ஆப்பெரா நடனக்காரி, தகப்பனார் ஒரு பெரிய இடத்துப் பிரபு, ஊரறியக் கல்யாணம் இல்லை. பாரிஸ் ஆப்பெராவின் நடனக் கூடத்தில் பணக்கார ரசிகர்கள் வந்து ஏழைப் பெண்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது ஊரறிந்த ரகசியம். நம் ஊர்த் தேவதாசிகளைப் பற்றி வெள்ளைக்காரர்கள் மூக்கின்மேல் விரல் வைத்து எழுதிய அதே வருஷங்களில்!

மீதிக் கதை சுருக்கம்தான். 1881-ல் லண்டன் சவாய் தியேட்டரில் மின்விளக்கு வந்தது. மற்றவையும் தொடர்ந்தன, திறந்த சுடர் ஒழிந்தது. இத்தாலிய நடனக்காரிகள் கடினமான சுழற்சிகளைக் காட்டப் பாவாடையைச் சுருக்கினார்கள். 1885-ல் ரஷ்யாவுக்குப் போன வர்ஜீனியா சுக்கி, நீளப் பாவாடை என் பாட்டிக்குத்தான் என்கிற தோரணையில் குட்டையாக வெட்டிக்கொண்டார். இன்றைக்குப் படத்தில் பார்க்கும் தட்டையான தட்டு மாதிரிப் பாவாடை அந்த வழியில் வந்தது. நைலான் வந்தபின் கஞ்சிக்கும் வேலை இல்லை.

ஆனால் அந்தப் பாவாடைக் குடும்பத்தின் கடைசிப் பெரிய மனுஷி நம் ஊருக்கு வந்தார். ரஷ்ய நடனக்காரி அன்னா பாவ்லோவா. ருக்மிணி தேவி 1928-ல் அவருடைய ஆட்டத்தைப் பார்த்து மயங்கி, ஒரே கப்பலில் பயணம் செய்யும்போது நெருக்கமாகி, பாலே கற்கவும் ஆரம்பித்தார். உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்று திருப்பி அனுப்பியவர் பாவ்லோவா. ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் கற்று, 1935 டிசம்பரில் அடையாறில் அரங்கேறினார். சதிரின் சுற்றிக் கட்டிய சேலைக்குப் பதிலாக, கால்சராய், முன்விசிறி, மேலாக்கு என்று அளவெடுத்துத் தைத்த உடுப்பு அவர் காலத்தில் உருவானது. மேடைக்குத் தைத்துப் போடும் உடை என்ற எண்ணம் பாலேயிலிருந்து வந்தது என்பது என் ஊகம். அவருடைய தகப்பனார் பொதுப்பணித்துறை எஞ்சினியர் என்பதைப் படித்தபோது ஒரு சின்ன சந்தோஷம், நம்ம ஆள் என்று. பாலசரஸ்வதியோ கடைசி வரை சேலையை விடவில்லை.

சேலையை விடாதவர் இன்னொருவர் எங்கள் ஊரில் உண்டு. விராலிமலை முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் முருகன் கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்டு, முப்பத்திரண்டு பேரில் ஒருவராகத் தொண்டு செய்தவர். 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோதுதான் எங்கள் பாதிப் பேருக்கு அவர் யார் என்றே தெரிந்தது. மலைப்படி ஏறி மயிலுக்குப் பொரி போட்டு விளையாடிய நாங்கள், அதே படியில் அவர் எத்தனை வருஷம் பாடிக்கொண்டு ஏறியிருப்பார் என்று யோசித்ததில்லை. பாட்டும் ஆட்டமும் ஒருவரே செய்யும் பழைய சதிர் முறை அவருடையது.

கோயிலில் அந்தப் பெண்களின் கடமைகளில் ஒன்று கும்பாரத்தி. கையில் தீபத்தை ஏந்திச் சுவாமிக்குச் சுற்ற வேண்டும். கையில் நெருப்பு, உடம்பில் ஒட்டிக் கட்டிய சேலை. சேலை பட்டாக இருந்தால் சீக்கிரம் பற்றாது, பற்றினாலும் சுடரை எடுத்தால் பெரும்பாலும் தானாக அணையப் பார்க்கும், கருகிய மயிர் வாசனை வந்து எச்சரிக்கும். நூற்றாண்டுகளாக நெருப்போடு பழகிய உடை அது. யாரும் ரிப்போர்ட் எழுதவில்லை.

அந்த வாழ்க்கையைச் சட்டம் போட்டு முடித்து வைத்தவரும் நம் புதுக்கோட்டைக்காரர், அதிலும் நம் கல்லூரிக்காரர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் இங்கே பிறந்தார். தகப்பனார் நாராயணசாமி ஐயர் நம் கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசையும் நடனமும் வழிவழியாக வந்த குலத்தவர். அவரை மணந்ததற்காக நாராயணசாமியைச் சொந்தக்காரர்கள் தள்ளி வைத்தார்கள். பையன்கள் மட்டும் படித்த கல்லூரியில் முத்துலட்சுமியைச் சேர்க்க எதிர்ப்பு வந்தபோது மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1912-ல் டாக்டரானார். சட்டசபைக்குப் போனார். 1927-லிருந்து போராடி, 1947-ல் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் வந்தது. மெட்ராஸ் மியூசிக் அகாடமிப் பக்கத்து வக்கீல் கிருஷ்ணய்யர் கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று பத்திரிகையில் எழுத, இவர் பெண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதினார். தாயின் குலத்துப் பெண்கள் பட்டதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர். அவர் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விராலிமலையில் மானியம் போய், கோயில் வேலை போய், ஆட்டத்தை வெளியே சொல்லவே வெட்கப்பட்டு வாழ்ந்த பெண்களுக்கு அடுத்த வேளைச் சோற்றுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் போதவில்லை. இரண்டு பேரும் ஒரே மாவட்டம். நம் கல்லூரி விழாவில் ஒருவர் பெயரைச் சொல்லும்போது மற்றவர் பெயரையும் சொல்லலாம் என்று மலர்க் குழுவுக்கு ஒரு விண்ணப்பம்.

நெட் ஃபிராக் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிறந்தநாளன்று போட்டுக்கொண்டாள். அம்மோனியம் சல்பேட்டில் தோய்க்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். நம் வயலில் போடும் அதே உரம்தான், பருத்திக்கு நன்றாகக் கேட்கும். நைலானில் தங்காது. ஆகவே கேக்கில் மெழுகுவர்த்தி வைக்கவில்லை. பலூன் ஊதி உடைத்தாள், சந்தோஷமாகத்தான் இருந்தாள். சாயந்திரம் பட்டுப்பாவாடைக்கு மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனோம்.

இந்த வருஷம் ஃபிராக் சிறுத்துவிட்டது. என் தங்கை மகளுக்குக் கொடுக்க மனைவி மடித்து வைத்தாள். நான் ஒரு சீட்டில் எழுதிப் பைக்குள் போட்டேன்: "அடுப்பு, விளக்கு, பட்டாசு பக்கம் இதைப் போட்டுக்கொண்டு விடாதே." தங்கை போன் செய்து, "ஏண்ணே, துணி குடுத்தியா, மருந்துச் சீட்டுக் குடுத்தியா?" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அவளுக்கும் அத்தையை ஞாபகம் இருக்கிறது.